பத்துக் காசுப் புலி

சுங்காயில் மழை பெய்தால்
கைப்பேசிகள் உடைவதில்லை.
நனைந்தவை மறுநாள்தான் வரும்,
அரிசிக்குள் ஓர் இரவு புதைந்து
அதுவும் பலிக்காமல்.

ஆகவே கடையில்
நான், மேசை விளக்கு, ஒரு பிஸ்கட் டின்.
பழஞ்சாமான் லோரிக்காரர் பெங் ஹுவாட்
தெலுக் இந்தானில் எந்த வீட்டிலோ அள்ளியதை
முப்பது வெள்ளிக்குத் தள்ளிவிட்டுப் போனார்.
மூடி மட்டுமே முப்பது பெறுமாம்.
உள்ளே எழுநூறோ எண்ணூறோ புலிகள்.
எல்லாம் ஒரே புலி.
ஒரே புல்லுக்குள் ஒரே முறைப்பு,
விலை பத்துக் காசு.

புலியைப் பார்ப்பதல்ல இந்த வேலை.
பார்த்தவனுக்குப் புலிதான் மிச்சம்.
ஓரத்துப் பல்லை எண்ண வேண்டும்.
இரண்டு சென்டிமீட்டருக்குள்
பன்னிரண்டரையா பதின்மூன்றா?
அந்த அரைப் பல்லில் சில சமயம்
ஒரு மாதக் கரண்டு பில் இருக்கும்.
பிறகு நிறம்.
காப்பித்தூள் என்றால் டின்னுக்கே திரும்பட்டும்,
மங்குஸ்தான் தோல் என்றால் தனித்தட்டு.
விளக்கடியில் எல்லாமே மங்குஸ்தான்.
வாசலில் கொண்டுபோய்ப் பிடித்தால்
எல்லாமே காப்பி.

இடுக்கி, திருகாணி பொறுக்க வாங்கியது.
பூதக்கண்ணாடி, சில்லில் துரு தேட.
கிச்சாப் கிண்ணத்தில் லைட்டர் பெட்ரோல்.
தலையைக் குப்புறப் போட்டால்
தாளுக்குள் கிடந்த மகுடம்
ஒரு மூச்சு நேரம் எழுந்து நிற்கும்.
பெட்ரோல் பறந்ததும் மறுபடி வெறும் தாள்.

மூன்று மணிக்கு
ஒரு புலியின் தாடையில் மச்சம்.
மஞ்சளாய், கடுகளவு.
அச்சுத் தகட்டில் விழுந்த பழுதோ?
ஒன்று இருந்தால் கறை,
இரண்டு இருந்தால் வகை.
இது நான் நானூறு வெள்ளி நட்டத்தில் கற்ற பாடம்.
டின்னைக் கவிழ்த்தேன்.

இரண்டாவது கிடைத்தது.
அதே தாடை, அதே இடம்.
மூன்று. நான்கு.
ஈப்போ கோவிந்தராசுவுக்கு
என்ன விலை சொல்வது என்று
வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன்.
ஏழு.

ஏழையும் பெட்ரோலில் போட்டேன்.
மச்சம் உப்பியது.
அச்சு மை உப்பாது.
இடுக்கி முனையால் தொட்டேன், இழுபட்டது,
நூலாய் நீண்டு அறுந்தது.
மூக்குக்குக் கொண்டுபோனேன்.
பெட்ரோலுக்கு அடியில்
ஒட்டுப்பால் நாற்றம்.

சரிதான்.
பால் காயாத கட்டைவிரல் ஒன்று
தலையை உறையில் ஒட்டி
புலியின் தாடையில் அழுத்தியிருக்கிறது.
ஏழு தடவையும் அங்கேயே.
முத்திரைகளைத் திருப்பிப் படித்தேன்:
சுங்காய், எட்டாம் தேதி.
சுங்காய், எட்டாம் தேதி.
சுங்காய், ஒன்பது, அன்று
எட்டாம் தேதி ஞாயிறாய் இருந்திருக்கும்.
சம்பளம் ஏழாம் தேதி போலும்.
எட்டாவது மாதம் டின்னில் இல்லை.
இரண்டு முறை தேடிவிட்டேன்.

விதிப்படி இது வகைதான்,
இடம் மாறாதது, திரும்பத் திரும்ப வருவது.
கேட்லாக்கில் இதற்கு எண் இல்லை.
கறை பட்ட தலை, கழித்துப் போடு
என்றுதான் அதில் இருக்கும்.

அந்திக்குள் நிஜமான ஒன்றும் அகப்பட்டது.
மகுடம் தலைகீழ்.
கூடவே ஒரு மூலை கிழிசல்,
பின்பக்கம் தோல் உரிந்து மெலிந்து.
அரிதுதான், ஆனால் ஐந்து வெள்ளிக்கு மேல் போகாது.
சிரித்துக்கொண்டே கிண்ணத்தைக் கழுவினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஷோஹெல் வந்தான்.
செம்பனைத் தோட்டம், வங்காளதேசத்துப் பையன்,
பூட்ஸில் அப்பிய செம்மண்.
கைப்பேசி திறக்கவில்லையாம்.
"விரல் வைத்தால் நான் இல்லை என்கிறது, பாய்."
வாங்கி அவன் கட்டைவிரலைத் திருப்பினேன்.
குலை முள் கிழித்துக் கிழித்து
வழவழவென்று ஆகிவிட்ட தோல்.

கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோனேன்.
ரேகை இருந்தது, ஒரு பக்கமாய், கொஞ்சம்.
"இங்கே வை," என்றேன்,
"இந்த ஓரத்தை.
இன்னொரு தடவை.
அதே இடத்தில்."